முதல் போல்ட்

டப்!

முற்றத்து வெயிலில் நின்றிருந்த இருநூற்று ஏழாம் வண்டியிலிருந்து என்னவோ தெறித்துப் பறந்தது. ஃபோர்மேன் ராக்கியப்பன் கையிலிருந்த எவர்சில்வர் டம்ளர் பத்தடி தள்ளிப் போய் விழுந்து உருண்டது. டம்ளரில் இருந்த டீ முழுவதும் அவர் சட்டையில் இருந்தது. வண்டியின் பக்கத்தில் ஆள் யாரும் இல்லை. யாரும் அதைத் தொடவும் இல்லை.

கொட்டகைக்குள்ளிருந்து மகுடேஸ்வரி ஓடி வந்தாள். பத்தொன்பது வருஷம் போல்ட் முடுக்கியவள். அது என்ன சத்தம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. டம்ளருக்குப் பக்கத்தில் கிடந்ததைக் குனிந்து எடுத்தாள். ஆறு பட்டைத் தலை, அதன் கீழே கொஞ்சம் தண்டு, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. பென்சிலைவிட மெல்லிய எம்-சிக்ஸ் போல்ட், கழுத்தோடு முறிந்திருந்தது. கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். வழுக்கியது. மூக்கருகே கொண்டுபோனாள்.

அதற்குள் ஒலிபெருக்கி இனிமையான பெண் குரலில் பேசத் தொடங்கிவிட்டது.

“கவனிக்கவும். வண்டி எண் இருநூற்று ஏழு. முதல் இறக்கையின் முதல் போல்ட் முறிந்தது. இறுக்கியவர் மகுடேஸ்வரி. காரணம், மனிதத் தவறு. அனைவருக்கும் இந்த நாள் இனிய நாளாக அமையட்டும்.”

போல்ட் முறிந்து ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை. ராக்கியப்பனின் சட்டையில் டீ இன்னும் சூடாகவே இருந்தது.

குரலுக்குச் சொந்தக்காரி நிதானி. மேகவாகனம் லிமிடெட் கம்பெனியின் கணினி மூளை. நான்கு பேர் உட்கார்ந்து பறக்கும் டாக்சிகளை அந்தக் கம்பெனி நீலாம்பூரில் செய்துகொண்டிருந்தது. மக்கள் அவற்றுக்கு வைத்த பெயர் தும்பி. கோயம்புத்தூர் வானத்தில் அன்றைய தேதிக்கு நானூற்றுப் பன்னிரண்டு தும்பிகள். கம்பெனி வாசலில் ஆளுயர எழுத்தில் ஒரு வாசகம் உண்டு: ‘மனிதர் தீர்மானிக்காத தொழிற்சாலை.’ அதன் கீழே, சற்றுச் சிறிதாக: ‘ஒரு துளி எண்ணெய் படாத தொழிற்சாலை.’

இரண்டுமே பொய். ஆனால் விளக்கு போட்டு எழுதியிருந்ததால் இரவிலும் தெரியும்.

போல்டை அளவாக முடுக்கும் பழைய டார்க் ரெஞ்சில் ஒரு வளையம் இருக்கும். எவ்வளவு இறுக்க வேண்டுமோ அந்த எண்ணுக்கு வளையத்தைத் திருப்பி வைத்துக்கொண்டால், அந்த அளவு வந்ததும் ‘கிளிக்’ என்னும். மேகவாகனத்தின் ரெஞ்சில் வளையம் கிடையாது. ஒரு விசையும் பச்சை, சிவப்பு என்று இரண்டு விளக்குகளும்தான். எந்த போல்டுக்கு எவ்வளவு என்பதை நிதானி முடிவு செய்யும். மனிதர் செய்ய வேண்டியது, கைரேகை வைத்து விசையை அழுத்துவது மட்டுமே. அந்தக் கைரேகை போல்டின் கணக்கில் நிரந்தரமாக ஏறிவிடும். தீர்மானம் ஒருவருக்கு, பழி இன்னொருவருக்கு என்று இவ்வளவு சுத்தமாகப் பிரித்துக் கொடுத்த கருவி அதற்கு முன் உலகத்தில் இருந்ததில்லை.

“ராக்கியண்ணா, இதை மோந்து பாருங்க” என்று போல்டை நீட்டினாள் மகுடேஸ்வரி.

“என்னத்த அம்மணி மோக்கறது? என்ற நெஞ்சு இன்னும் படபடன்னு அடிச்சுக்குது.”

“வெளக்கெண்ணெய்ங்க. உங்க கிண்ணத்துது.”

ராக்கியப்பன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். “சாமி எண்ணெயப் பத்தி நாக்கு மேல பல்லப் போட்டுப் பேசாத.”

கொட்டகையின் கிழக்குச் சுவரில் ஒரு சாமி படம். அதன் முன்னால் பித்தளைக் கிண்ணத்தில் விளக்கெண்ணெய். ஒவ்வொரு புது வண்டியும் பூட்டத் தொடங்கும்போது, முதல் போல்டை ராக்கியப்பன் அந்தக் கிண்ணத்தில் முக்கி எடுப்பார். வண்டியின் மூக்கில் குங்குமம் வைப்பார். தன் கையாலேயே போல்டை இறக்கையில் நாலு சுற்று ஏற்றிவிட்டு, “அம்மணி, கையை வைங்க” என்று ஒதுங்கி நிற்பார். மகுடேஸ்வரி ரெஞ்சை வைத்து இறுக்குவாள். கைராசிக்காரி என்று அவளுக்குப் பெயர். அவள் முதல் போல்ட் போட்ட வண்டி ஒன்றுகூடப் பழுதாகித் திரும்பி வந்ததில்லை என்பது ராக்கியப்பனின் கணக்கு.

இந்தச் சடங்கை ஆரம்பித்து வைத்தவர் கம்பெனியின் நிர்வாக இயக்குநர் குமரவேள். முதல் வண்டிக்கு முதலீட்டாளர்கள் முன்னால் கேமரா வைத்துச் செய்தார். படம் நன்றாக வந்தது. ஆகவே எல்லா வண்டிக்கும் தொடர்ந்தது. ஆனால் செயல்முறைப் புத்தகத்தில் பூஜை என்று ஒரு படி இல்லை. எண்ணெய் படாத தொழிற்சாலையில் எண்ணெய்க் கிண்ணம் என்று எந்த அதிகாரி எழுதுவான்? புத்தகத்தில் இல்லாததால் நிதானிக்கு அது தெரியாது. உலர்ந்த எம்-சிக்ஸ் போல்டுக்கு உரிய பத்து என்ற அளவையே எண்ணெயில் குளித்த போல்டுக்கும் அது தந்துகொண்டிருந்தது.

அது தப்பு என்று மகுடேஸ்வரியின் மணிக்கட்டுக்கு இருபதாவது வண்டியிலேயே தெரிந்துவிட்டது. கடைசிக் கால் சுற்றில் போல்ட் ‘இந்தா’ என்று இளகிக் கொடுத்த விதம் சரியில்லை. துடைத்துவிட்டுப் போடுகிறேன் என்றாள். சாமி எண்ணெயைத் துடைப்பதா என்று ராக்கியப்பன் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. முதல் போல்டுக்கு மட்டும் ஏழரை வையுங்கள் என்று மேலே மூன்று மனு எழுதினாள். மூன்றும் ‘தனிநபர் அபிப்பிராயம்’ என்று திரும்பி வந்தன.

பிறகும் அவள் விசையை அழுத்திக்கொண்டுதான் இருந்தாள். அதுதான் இப்போது முள்ளாகக் குத்தியது. அவள் கை வைக்கும்போது அத்தனை பேரும் கைகட்டி நிற்பார்கள். அந்த மரியாதை அவளுக்குப் பிடித்திருந்தது. த்தூ, என்று தன்னையே மனசுக்குள் காறித் துப்பிக்கொண்டாள்.

வெயிலை அண்ணாந்து பார்த்தாள். அக்னி நட்சத்திரம். மணி பத்தே முக்கால்.

“அண்ணா, இந்த வண்டி எத்தனை நேரமா வெயில்ல நிக்குது?”

“தண்ணி சர்வீசுக்கு வந்துது. ரெண்டு மணி நேரம் இருக்கும்.”

“மத்த வண்டியெல்லாம் ஊருல மொட்டை மாடி மொட்டை மாடியா நிக்குது. இன்னும் ரெண்டு மணி நேரத்துல அதுகளும் இந்தச் சூட்டுக்கு வந்துரும்.”

ராக்கியப்பன் பதில் சொல்வதற்குள் ஒலிபெருக்கி, அவளை நிர்வாக இயக்குநர் அறைக்கு அன்போடு அழைத்தது.

குமரவேளின் அறை குளிர்சாதனத்தால் நடுங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு வயது முப்பத்தெட்டு. தன்னை அறிவியல்வாதி என்று சொல்லிக்கொள்வார். வலது கையில் மூன்று ராசிக்கல் மோதிரம். கோட் போட்டிருந்தார். வாழ்நாளில் ஒரு ஸ்பேனரைப் பிடித்ததில்லை என்பது அவர் விரல்களைப் பார்த்தாலே தெரியும். அதில் அவருக்கு வெட்கமில்லை. பேட்டிகளில் அதைப் பெருமையாகவே சொல்லுவார்.

“உக்காருங்க மகுடேஸ்வரி. நீங்க நம்ம குடும்பத்துல ஒருத்தர்.”

குடும்பம் என்றதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. மேசையில் ஒரு தாள் தயாராக இருந்தது. ‘எனது தனிப்பட்ட கவனக்குறைவால்’ என்று தொடங்கியது. அதற்கு மேல் படிக்கத் தேவையில்லை.

“இதுல ஒரு கையெழுத்து. வேலை மட்டும்தான் போகும். கேஸ் வராம நான் பாத்துக்கறேன். போடலைன்னா, போல்ட்ல இருக்கறது உங்க ரேகை. உங்க லைசென்ஸ் போகும், அதுக்கப்புறம் கோர்ட், ஜெயில்… எனக்கே கஷ்டமா இருக்கு.”

“மத்த வண்டிகளை எறக்கிட்டீங்களா சார்?”

“மத்த வண்டிக்கு என்ன? ஒரு போல்ட், ஒரு வண்டி, ஒரு ஆளோட தப்பு. அதான் ரிப்போர்ட்.”

“ஒரு வண்டி இல்லீங்க. அத்தனை வண்டிக்கும் முதல் போல்ட் நான்தானுங்க போட்டேன். அத்தனையும் எண்ணெயில முக்கினது. ஒரு இறக்கைக்கு நாலு போல்ட். ஒண்ணு போனா மூணு கால் நாற்காலியாட்டம் நிக்கும். நிக்கும்ங்க, காத்து அந்தப் பக்கம் சாய்க்கற வரைக்கும்.”

“எண்ணெய் போட்டா நல்லதுதானே? ஸ்மூத்தா போகும்.”

மகுடேஸ்வரி ஒரு கணம் அவரையே பார்த்தாள். நானூறு பறக்கும் வண்டிகளுக்கு முதலாளி. கேட்ட கேள்வி, சைக்கிள் கடையில் காற்றடிக்க வருகிறவன்கூடக் கேட்கத் தயங்கும் கேள்வி.

“ஸ்மூத்தாப் போறதுதான் சார் வம்பே. பத்துங்கறது நாம ரெஞ்சத் திருப்பற பலம். அதுல ஒம்பது பங்கு உராய்வுக்கே செலவாயிரும். மிச்சம் ஒரு பங்குதான் போல்ட்ட இழுத்துப் புடிக்குது. எண்ணெயப் போட்டு உராய்வக் கொறைச்சா, அதே பத்துக்கு இழுப்பு எகிறிப் போயிரும். போல்ட்டும் ஒரு ஸ்பிரிங்குதானுங்க. பாவாடை எலாஸ்டிக் தெரியும்ல? அளவா இழுத்தா திரும்பி வந்து புடிக்கும். மீறி இழுத்தா தொளதொளன்னு போயிரும். அப்புறம் வெயில்ல அலுமினிய இறக்கை வேற விரியும். எஃகு போல்ட் அந்த அளவு விரியாது. இன்னும் இழுபடும். டப்!”

பாவாடை எலாஸ்டிக் என்றபோது குமரவேள் முகத்தைச் சுளித்தார். இழுபடும் என்றபோது சுளிக்கவில்லை.

“மனு எழுதினேனே சார். மூணு தடவை. ஏழரை வைங்கன்னு.”

“ஏழரையா?” அவர் சிரித்தார். “இன்வெஸ்டர் கம்பெனியில ஏழரைங்கற நம்பரையே உச்சரிக்கக் கூடாதும்மா. நல்லவேளை, அப்படி எதுவும் என் பார்வைக்கு வரலை. நான் என்ன போல்ட், நட்டெல்லாமா பாத்துட்டு இருக்கேன்? கையெழுத்தைப் போடுங்க.”

“வண்டியெல்லாம் தரையில எறங்கினதும் போடறேனுங்க. அதுவரைக்கும் போட மாட்டேன்.”

“எல்லாத்தையும் எறக்கினா நாளைக்கு நம்ம கம்பெனியே இருக்காது. நூத்தி எண்பது குடும்பம் தெருவுல நிக்கும். உங்க ஒரு கையெழுத்துல அத்தனை பேரையும் காப்பாத்தலாம். யோசிங்க.”

அவள் யோசித்தாள். ஒரு வண்டிக்கு நாலு பேர். கையெழுத்துப் போட்டால் இருநூற்று ஏழோடு விஷயம் முடிந்துவிடும். மீதியைக் கேட்பாரில்லை. பேனாவை எடுத்து மூடினாள். அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

கதவு தட்டப்பட்டது. பறக்கும் வண்டியில் எது முறிந்தாலும் அந்த நிமிஷமே அரசாங்கத்துக்குத் தானாகத் தகவல் போய்விட வேண்டும் என்பது சட்டம். நிதானி சட்டத்தை மீறாது. அதனால் பக்கத்திலிருந்த அரசு அலுவலகத்திலிருந்து பாதுகாப்பு அதிகாரி எஸ்தர் ஜெபமணி, ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். ஐம்பது வயது. தெற்கே நாசரேத்துப் பக்கம். முகத்தில் சிரிப்புக்கு இடம் ஒதுக்கப்படவில்லை.

“மேடம், சொல்லியிருந்தா நம்ம தும்பியையே அனுப்பியிருப்பேனே! ஸ்கூட்டர்லயா வந்தீங்க?” என்று குமரவேள் எழுந்தார்.

“நான் தும்பியில ஏறுததில்ல. ஏறுதவங்க ரிப்போர்ட்ட மட்டும் எழுதுதேன்.” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குமரவேள் சுவரில் ஒளிரவிட்ட வண்ணப் படங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. “ஒடைஞ்சது எங்க இருக்கு?”

மகுடேஸ்வரி உள்ளங்கையை விரித்தாள்.

“நீங்கதான் இறுக்கினதா?”

“ஆமாங்க. என்ற கைதான். ஆனா அளவு என்றது இல்லீங்க.”

“எல்லாரும் இப்படித்தான் சொல்லுதாங்க. காட்ட முடியுமா?”

“பத்து நிமிஷம் குடுங்க.”

கொட்டகையில் கூட்டம் கூடிவிட்டது. மகுடேஸ்வரி துளை போட்ட ஒரு அலுமினியத் துண்டை வைஸ் இடுக்கியில் பிடித்தாள். ஒரே பெட்டியிலிருந்து இரண்டு புது போல்ட் எடுத்தாள். ஒன்றைத் துணியால் துடைத்துக் காயவைத்தாள். இன்னொன்றைச் சாமி படத்துக் கிண்ணத்தில் முக்கினாள். ராக்கியப்பன் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டையும் அதே ரெஞ்சால், நிதானி தந்த அதே பத்துக்கு இறுக்கினாள். இரண்டுக்கும் பச்சை விளக்கு. இரண்டையும் கழற்றி, துடைத்து, இரண்டு நட்டோடு அதிகாரி கையில் கொடுத்தாள்.

“விரலாலயே நட்ட ஓட்டிப் பாருங்க மேடம்.”

காய்ந்த போல்டில் நட்டு சர்ரென்று அடிவரை ஓடியது. எண்ணெய் போல்டில் பாதி தூரம் போய் நின்றுவிட்டது. எஸ்தர் அழுத்தித் திருகிப் பார்த்தார். நகரவில்லை.

“மரை நீண்டு போச்சுங்க. இழுத்த எலாஸ்டிக் இதுதான். இனி இது ஆயுசுக்கும் திரும்பாது.”

எஸ்தர் பக்கத்துத் தூணில் இருந்த ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்தார். “ஏம்மா நிதானி, எண்ணெய் போட்ட போல்டுக்கும் பத்துதானா?”

“இல்லை. சுமார் ஏழரை. ஆனால் இந்தத் தொழிற்சாலையில் எண்ணெய் இல்லை.”

“என் விரலெல்லாம் எண்ணெயா இருக்கே.”

“பதிவேட்டின்படி உங்கள் விரலில் எண்ணெய் இல்லை.”

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார். எஸ்தர் சிரிக்கவில்லை. கைப்பேசியை எடுத்து மூன்று சொல் பேசினார். ஐந்து நிமிஷத்தில் அவினாசி சாலைக்கு மேலே பறந்துகொண்டிருந்த புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்து, கூரைகளுக்குப் பின்னால் மறைந்தன. மொட்டை மாடிகளில் நின்றவை நின்ற இடத்திலேயே பூட்டப்பட்டன. மகுடேஸ்வரி அப்போதுதான் மூச்சு விட்டாள்.

குமரவேள் சுதாரித்துக்கொள்ள அதிக நேரம் எடுக்கவில்லை. குரலில் ஈரத்தை வரவழைத்துக்கொண்டார்.

“மேடம், நான் நொறுங்கிப் போயிட்டேன். இப்படி ஒரு ஆபத்து இருந்தது எனக்குச் சத்தியமாத் தெரியாது. பூஜையை இந்த ஃபோர்மேன் தொடர்ந்திருக்கார். தப்புன்னு தெரிஞ்சும் இந்தம்மா அழுத்தியிருக்காங்க. மனு எழுதினேன்னா போதுமா? என் ரூமுக்கு வந்து கத்தியிருக்க வேண்டாமா?”

“கத்த உட்டீங்களா சார்?” என்றாள் மகுடேஸ்வரி. ஆனால் அவர் சொன்னதில் பாதி அவளுக்கே உறைத்தது.

“அதோ பாருங்க மேடம்.” முற்றத்தின் மூலையில், நிழற்கூரையின் கீழே நின்ற பொன்னிற வண்டியைக் குமரவேள் காட்டினார். “வண்டி நம்பர் ஒண்ணு. என் சொந்த வண்டி. தினமும் நான் அதுலதான் வர்றேன். என் பொண்ணு அதுலதான் ஸ்கூலுக்குப் போறா. ஆறு வயசு. எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, என் குழந்தையை அதுல ஏத்துவேனா?”

ராக்கியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எஸ்தர் ஜெபமணியின் பேனாகூட ஒரு நொடி நின்றது. எந்தத் தகப்பன் அப்படிச் செய்வான்?

“அது நியாயமான பேச்சுதான்” என்றார் எஸ்தர். “நிர்வாகத்துக்கு அலட்சியம் உண்டு, ஆனா தெரிஞ்சு செய்யலைன்னு எழுதுதேன். தெரிஞ்சு செஞ்சது இறுக்கினவங்கதான். மகுடேஸ்வரி, உங்க லைசென்ஸ எடுத்துக் குடுங்க. கேஸ் உங்க மேலதான் வரும். எனக்கு வேற வழி இல்ல.”

மகுடேஸ்வரி அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றினாள். பத்தொன்பது வருஷம் தொங்கிய அட்டை. எஸ்தர் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, கடைசி வரிக்காக நிதானியிடம் கேட்டார்.

“இவங்க கையால முதல் போல்ட் போட்டு, இன்னைக்குக் காலையில அது பத்து அளவுல இருந்த வண்டி மொத்தம் எத்தனை?”

“நானூற்றுப் பதினொன்று.”

எஸ்தர் எழுதிக்கொண்டார். குமரவேள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டம் கலையத் தொடங்கியது.

மகுடேஸ்வரி மட்டும் நின்றாள். நானூற்றுப் பதினொன்றா? கம்பெனி விட்ட வண்டி நானூற்றுப் பன்னிரண்டு. ஒன்றுகூட விடாமல் அவள்தான் கை வைத்தாள். பொன்னிற வண்டிக்கும் அவள்தான். அதற்கு இரண்டு முறை. ஆரம்பத்தில் ஒன்று. பிறகு இரண்டு மாதத்துக்கு முன், சர்வீசுக்கு வந்தபோது முதல் போல்டை மட்டும் மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. அவளுடைய மூன்றாவது மனு திரும்பி வந்த வாரம் அது. அன்றைக்கு ரெஞ்ச் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே பச்சை காட்டியது. பாட்டரி கோளாறு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

குமரவேளைப் பார்த்தாள். அந்தக் குளிர் அறையிலிருந்து இறங்கி வந்த மனிதரின் நெற்றியில் இப்போது வியர்வை முத்து முத்தாக இருந்தது.

“நிதானி, ஆஃப் ஆயிடு” என்றார் அவர் அவசரமாக.

“விசாரணை நடக்குதப்போ அது அணையக் கூடாதுன்னு சட்டம் இருக்கு” என்றார் எஸ்தர், தலை நிமிராமல்.

மகுடேஸ்வரி தூணருகே போனாள்.

“நிதானி, ஒண்ணாம் நம்பர் வண்டிக்கு இப்ப இருக்கற முதல் போல்ட் எத்தனைல இறுக்குனது? யாரு சொல்லி?”

“ஏழரை. உத்தரவு நிர்வாக இயக்குநர் குமரவேளுடையது, அவர் சொன்னபடியே வாசிக்கிறேன்: ‘அந்தம்மா மனுவில் சொல்வது சரிதான், என் வண்டிக்கு மட்டும் மாற்றிவிடு, மற்றதை மாற்றினால் விற்றதையெல்லாம் திரும்ப அழைக்க வேண்டிவரும்.’”